மூலம் நகர்ந்துகொண்டே இருக்கும்போது: நிரலாக்க ஆவணங்களை மொழிபெயர்ப்பதன் உள்விவரம்

ஒரு நாவலை மொழிபெயர்க்க உட்காருகிறவருக்கு ஓர் உறுதி உண்டு. அவர் வேலையை முடிக்கும் நாளிலும் மூலநூல் தொடங்கிய நாளில் இருந்தபடியேதான் இருக்கும். நிரலாக்க ஆவணங்களை, அதாவது நிரல்மொழிகளையும் கருவிகளையும் விளக்கும் கையேடுகளையும் பாடங்களையும், மொழிபெயர்ப்பவருக்கு அந்த உறுதி கிடையாது. பைத்தான் நிரல்மொழியின் புதிய பதிப்பு இப்போதெல்லாம் ஆண்டுதோறும் அக்டோபரில் வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் சில செயற்கூறுகள் (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்துதரும் நிரல்பகுதிகள்) புதிதாகச் சேர்கின்றன, சில கைவிடப்படுகின்றன, சிலவற்றின் நடத்தை மாறுகிறது. இரண்டு பதிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்திலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பத்தியைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். பத்தாவது இயலை மொழிபெயர்த்து முடிக்கும்போது முதல் இயலின் ஆங்கில மூலம் வேறொன்றாக ஆகியிருக்கும்.

இந்தத் துறையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கலைச்சொற்களில் தொடங்கி அவற்றிலேயே நின்றுவிடுகிறது. எந்தச் சொல்லை மொழிபெயர்ப்பது, எதை ஒலிபெயர்ப்பது என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் அது ஒருமுறை அமர்ந்து பேசி, ஒரு சொற்கோவையில் எழுதிவைத்துவிட்டால் பெரிதும் தீர்ந்துவிடும் கேள்வி. எத்தனை பேர் கூடினாலும் எத்தனை ஆண்டு உழைத்தாலும் தீராமல் நீடிப்பது பராமரிப்பு. எனவே, ஒரு மொழிபெயர்ப்புத் திட்டம் எத்தனை பக்கங்களை முடித்தது என்பதைவிட, முடித்த பக்கங்களில் எத்தனை இன்றைய மூலத்தோடு ஒத்துப்போகின்றன என்பதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

யாருக்குத் தேவை

நிரலாளராக விரும்புகிறவர் ஆங்கிலம் கற்றுத்தானே ஆகவேண்டும், பிறகு எதற்கு மொழிபெயர்ப்பு என்ற கேள்வி எல்லா மொழிக்காரர்களிடமும் எழுகிறது. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நிரல்மொழிகளின் திறவுச்சொற்கள், நிரல் நூலகங்களின் பெயர்கள், பிழைகளைப் பற்றிய உரையாடல்கள் என எல்லாமே பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் உள்ளன. ஆனால் அந்தக் கேள்வி ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறது: நிரலாக்கத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே நேரத்தில் கற்பது ஒன்றை மட்டும் கற்பதைவிடப் பலமடங்கு கடினமானது. ஆய்வாளர் பிலிப் குவோ 2018இல் வெளியிட்ட ஆய்வில் 86 நாடுகளைச் சேர்ந்த, 74 தாய்மொழிகளைப் பேசும் 840 பேர் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்திருந்தார்கள். பாடங்களை வாசிப்பது, பிறருடன் தொழில்நுட்பம் பேசுவது, நிரலை வாசிப்பதும் எழுதுவதும், இரண்டையும் சேர்த்துக் கற்பது என்று பல தடைகளை அவர்கள் குறிப்பிட்டார்கள். எளிய ஆங்கிலத்தில், ஒரு பண்பாட்டுக்கே உரிய கொச்சைவழக்குகள் இல்லாத பாடங்கள் வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. அந்தக் கோரிக்கையைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

சிறுவர்களுக்கான ஸ்கிராச் நிரல்மொழியை வைத்து சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஆங்கிலம் முதன்மை மொழியாக இல்லாத நாடுகளில், ஸ்கிராச்சைத் தங்கள் நாட்டு மொழியில் பயன்படுத்தியவர்கள், அதே நாடுகளில் ஆங்கில இடைமுகத்தில் பயன்படுத்தியவர்களைவிட வேகமாகப் புதிய நிரலாக்கக் கருத்துகளைக் கையாளத் தொடங்கினார்கள் என்று அவர்கள் கண்டார்கள். தொடக்க நிலையில் மொழி எவ்வளவு பொருட்படுத்தத்தக்கது என்பதற்கு இது போதுமான சான்று.

மொழிபெயர்ப்பு எப்போதும் ஆங்கிலத்திலிருந்தே புறப்படுகிறது என்பதும் இல்லை. யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995இல் வெளியிட்ட ரூபி நிரல்மொழிக்குத் தொடக்க ஆண்டுகளில் ஆவணங்களும் விவாதங்களும் முதன்மையாக ஜப்பானிய மொழியிலேயே இருந்தன. ஆங்கிலம் மட்டும் அறிந்த நிரலாளர்கள் அப்போது வெளியே நின்றார்கள். 2000ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு முழுமையான அறிமுக நூல் வந்த பிறகே ரூபி ஜப்பானுக்கு வெளியே பரவலாக அறியப்பட்டது. ஆங்கில வாசகர்களையும் ஒரு மொழித்தடை சில ஆண்டுகள் தடுத்துநிறுத்தியது என்பதை, ஆங்கிலம் போதும் என்று சொல்லும் எல்லோருக்கும் நினைவூட்டத் தோன்றுகிறது.

இரண்டு வழிமுறைகள்

மொழிபெயர்ப்பைச் செயல்படுத்தும் முறைகளைப் பெரிதாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று ஆவணத்தைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, துண்டுதுண்டாக மொழிபெயர்ப்பது. மற்றொன்று முழுக் கோப்பையும் நகலெடுத்து, நகலுக்குள்ளேயே மொழிபெயர்ப்பது. வெறும் கருவித்தேர்வு போலத் தோன்றும் இந்த வேறுபாடு, ஐந்தாண்டுகளுக்குப் பிறகு அந்த மொழிபெயர்ப்பின் கதி என்ன என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

துண்டு முறைக்கு அடித்தளம் கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்புக் கருவித்தொகுதி. 1990களின் தொடக்கத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் உருவான அணுகுமுறையைப் பின்பற்றி 1995இல் கட்டற்ற மென்பொருளை உருவாக்கும் ஜிஎன்யூ திட்டம் தன் சொந்தக் கெட்டெக்ஸ்ட்டை வெளியிட்டது. முதலில் அது பட்டி, பொத்தான், எச்சரிக்கை போன்ற இடைமுகச் சொற்றொடர்களுக்காகவே அமைந்தது. ஒவ்வொரு மொழிக்கும் பிஓ என்ற வகைக் கோப்பு ஒன்று இருக்கும். அதில் மூலத்தொடரும் அதன் மொழிபெயர்ப்பும் இணைகளாக அடுக்கப்பட்டிருக்கும். இதே முறை பின்னர் ஆவணங்களுக்கும் நீண்டது. கேயார்க் பிராண்டல் 2008இல் வெளியிட்ட ஸ்ஃபிங்ஸ் என்னும் ஆவணக் கருவி, பைத்தான் ஆவணங்களுக்காகவே பிறந்தது. பிற்காலத்தில் அது தன் பக்கங்களைப் பத்திபத்தியாகப் பிரித்துப் பிஓ கோப்புகளாக வெளியிடும் திறனையும் பெற்றது. டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் உலகில் வளர்ந்த பிஓ4ஏ என்னும் கருவி, யூனிக்ஸ் கையேட்டுப் பக்கங்கள் உட்படப் பலவகை வடிவங்களுக்கு இதே வசதியைச் செய்கிறது.

துண்டு முறையின் உண்மையான பலம் மூலம் மாறும்போதுதான் வெளிப்படுகிறது. ஆங்கிலப் பத்தி ஒன்று திருத்தப்பட்டால், புதிய பத்திக்கு மிக நெருக்கமான பழைய பத்தியைக் கெட்டெக்ஸ்ட் தேடிக் கண்டுபிடித்து, அதன் மொழிபெயர்ப்பைப் புதியதன் கீழ் வைத்து, இது ஐயத்திற்குரியது, மனிதர் பார்க்கவேண்டும் என்று குறியிட்டு விடுகிறது. குறி நீக்கப்படும்வரை அந்த மொழிபெயர்ப்பு வெளியீட்டில் இடம்பெறாது. அந்த இடத்தில் ஆங்கிலப் பத்தியே வரும். பக்கத்தின் நடுவே திடீரென ஒரு பத்தி ஆங்கிலத்தில் நிற்பது அழகாக இராது. ஆனால் அது பொய் சொல்லாது. வாசகருக்குக் கிடைப்பது ஒன்று இன்றைக்குச் சரியான மொழிபெயர்ப்பு, அல்லது இன்றைக்குச் சரியான மூலம். இந்த நேர்மையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அதன் பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் கண்முன் இருப்பது தனித்தனிப் பத்தி. முன்னே என்ன வந்தது, பின்னே என்ன வரும் என்று அவர் வேறெங்கோ போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலத்தில் மூன்று பத்திகளாக இருப்பதை நான்காகப் பிரித்து எழுதினால் நம் மொழியில் தெளிவாக இருக்கும் என்று தோன்றினாலும், அதற்கு வழியில்லை. பலர் பங்கிட்டுச் செய்யும் பக்கத்தில் ஒவ்வொரு பத்தியும் தனியே சரியாகவும், சேர்த்துப் படித்தால் தட்டுத்தடுமாறியும் இருப்பதற்கு இதுவே காரணம்.

முழுக்கோப்பு முறை இதற்கு நேர் எதிரானது. மொழிபெயர்ப்பாளர் பக்கம் முழுவதையும் தன் உரைநடையாக எழுதலாம். ஆனால் மூலம் மாறியதை அவருக்கு யார் சொல்வது? இங்கேதான் ஒவ்வொரு திட்டமும் தனக்கென ஒரு தீர்வைக் கண்டிருக்கிறது. பிஎச்பி என்னும் வலைநிரல்மொழியின் கையேட்டில் மொழிபெயர்ப்புக் கோப்பு ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும், அது எந்த ஆங்கிலத் திருத்தத்தை வைத்து மொழிபெயர்க்கப்பட்டது என்பதைக் காட்டும் அடையாள எண் எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலக் கோப்பின் தற்போதைய அடையாளத்தோடு அதை ஒப்பிட்டு, எந்தக் கோப்புகள் பின்தங்கியுள்ளன என்று ஒரு கருவி பட்டியலிடுகிறது. சேவையகங்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் கருவியின் ஆவணங்களின் சீன மொழிபெயர்ப்பில், ஒவ்வொரு பத்திக்கும் மேலே ஆங்கில மூலம் வாசகருக்குத் தெரியாத குறிப்பாக அப்படியே வைக்கப்படுகிறது. திருத்த வருகிறவர் எது மாறியிருக்கிறது என்பதை அதே கோப்பில் பார்த்துக்கொள்ளலாம். வலை இடைமுகங்களுக்கான ரியாக்ட் நிரல் நூலகத்தின் மொழிபெயர்ப்புத் திட்டம் 2019 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டபோது, ஒவ்வொரு மொழிக்கும் கோப்புகளைச் சேமிக்கும் தனிக் களஞ்சியம் அமைத்து, ஆங்கிலத்தில் நிகழும் மாற்றங்களை ஒரு தானியங்கி நிரல் அந்தந்தக் களஞ்சியத்துக்குப் புல் ரெக்வெஸ்டாக, அதாவது இம்மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோளாக அனுப்பும்படி செய்தார்கள். மூன்றும் ஒரே கேள்விக்கான மூன்று விடைகள். இப்படி எந்த ஏற்பாடும் இல்லாமல் ஆர்வத்தை மட்டும் நம்பித் தொடங்கும் முழுக்கோப்பு மொழிபெயர்ப்பு, தொடங்கிய நாளிலிருந்தே பழையதாகத் தொடங்குகிறது.

பழைய பக்கத்தின் தீங்கு

மொழிபெயர்ப்பே இல்லாத பக்கத்தைவிடப் பழையதாகிப்போன மொழிபெயர்ப்பு தீயது என்று சொன்னால் மிகைபோலத் தோன்றலாம். பிஎச்பியின் வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசுவதற்கென அம்மொழியில் இருந்த பழைய நீட்சி, 2013இல் வந்த 5.5 பதிப்பில் கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டு, 2015 இறுதியில் வந்த 7.0 பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது. கடவுச்சொற்களைப் பாதுகாப்பாகச் சேமிப்பதற்கான தனிச் செயற்கூறும் அதே 5.5 பதிப்பில்தான் வந்தது. இப்போது 2012இல் மொழிபெயர்க்கப்பட்டு, அதன்பின் யாரும் தொடாத ஒரு பாடத்தை எண்ணிப் பாருங்கள். தரவுத்தளத்தைப் பற்றி அது சொல்லும் நிரல் இன்று ஓடவே ஓடாது; அது பரவாயில்லை, ஓடாத நிரல் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். கடவுச்சொல்லைப் பற்றி அது சொல்லும் பழைய வழி இன்றும் ஓடும், எந்த எச்சரிக்கையும் தராது, பயனரின் கணக்கைப் பாதுகாப்பற்றதாக மட்டும் ஆக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் புதிய பக்கத்துக்குப் போய்விடுவார். ஆங்கிலம் தெரியாததால் மொழிபெயர்ப்பை நம்பி வந்தவருக்கே தவறான அறிவுரை கிடைக்கிறது. யாருக்கு உதவ வேண்டும் என்று அந்தப் பக்கம் எழுதப்பட்டதோ, அவரையே அது ஏமாற்றுகிறது.

இதை உணர்ந்த திட்டங்கள் சில எச்சரிக்கை ஏற்பாடுகளைச் செய்திருக்கின்றன. அப்பாச்சி வலைச் சேவையகத்தின் ஆவணங்களில், பின்தங்கிய மொழிபெயர்ப்புப் பக்கத்தின் தலையிலேயே, இது பழையதாக இருக்கக்கூடும், அண்மை மாற்றங்களுக்கு ஆங்கிலப் பக்கத்தைப் பார்க்கவும் என்ற அறிவிப்பு வருகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலின் மூலத்தொகுப்பிலேயே ஜப்பானியம், கொரியம், சீனம், இத்தாலியம், ஸ்பானியம் போன்ற மொழிகளுக்கான கோப்புறைகள் உள்ளன. ஐயம் எழும் இடத்தில் ஆங்கில மூலமே இறுதியானது என்ற அறிவிப்பும் அங்கே உண்டு. அறிவிப்பு பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் செயல் அல்ல. வாசகர் தன் நம்பிக்கையை எவ்வளவு வைக்கலாம் என்று அளந்துகொள்ள அது உதவுகிறது.

மொஸில்லா நிறுவனத்தின் எம்டிஎன் தளம் இன்னும் கடுமையான முடிவை எடுத்தது. வலைத்தொழில்நுட்பங்களுக்கான அந்தப் பெரும் ஆவணத்தொகுப்பு பல்லாண்டுகள் விக்கியாக இருந்தது. யார் வேண்டுமானாலும் எந்த மொழியிலும் பக்கம் சேர்க்கலாம். 2020 டிசம்பரில் அது நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தை அடிப்படையாகக் கொண்ட புதிய அமைப்புக்கு மாறியபோது, ஆங்கிலமல்லாத எல்லாப் பக்கங்களும் திருத்தமுடியாதபடி உறையவைக்கப்பட்டன. அதற்கடுத்து, பராமரிக்க முன்வரும் தன்னார்வலர் குழு இருந்த மொழிகள் மட்டும் மீண்டும் திறக்கப்பட்டன: பிரெஞ்சு, ஜப்பானியம், சீனம், கொரியம், ரஷ்யம், பிரேசில் போர்த்துக்கீசியம், ஸ்பானியம். மற்ற மொழிகளின் பக்கங்கள் தளத்திலிருந்து விலக்கப்பட்டன. பல ஆண்டுகள் பலர் காசு வாங்காமல் செய்த உழைப்பு அது. நீக்கம் பலரை வருத்தியிருக்கும், அந்த வருத்தம் நியாயமானது. ஆயினும் முடிவு சரியானது என்றே கருதுகிறேன். வேகமாக மாறும் வலைத்தொழில்நுட்பத்தில் ஆளில்லாத பக்கத்தை அதிகாரபூர்வ முகவரியில் வைத்திருப்பது, அது சரியென்று தளமே சான்றளிப்பதற்குச் சமம்.

வாக்கியத்துக்குள் நடப்பவை

பராமரிப்பை இவ்வளவு வலியுறுத்திய பிறகு, மொழிபெயர்ப்பு வேலையின் நுட்பங்களைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. சாதாரண உரையில் இல்லாத ஒன்று நிரல் ஆவணத்தில் உண்டு: மொழிபெயர்க்கக்கூடாத சொற்கள் வாக்கியத்தின் நடுவே, வாக்கியத்தின் உறுப்பாகவே வருகின்றன. செயற்கூற்றின் பெயர், மாறியின் பெயர், கட்டளை, கோப்பின் பாதை ஆகிய எதையும் தொடக்கூடாது. ஓர் எழுத்து மாறினாலும் நிரல் ஓடாது.

ஆங்கிலத்தில் இது பெரிய தொல்லை தராது, ஏனென்றால் அங்கே பெயர்ச்சொல் வேற்றுமைக்காக உருமாறுவதில்லை. தமிழ், துருக்கியம், ஃபின்னியம், ஹங்கேரியம் போன்ற ஒட்டுநிலை மொழிகளில் கதை வேறு. செயற்கூற்றின் பெயரோடு ஐ, இல், உக்கு போன்ற உருபு ஒட்டினால், பெயர் எங்கே முடிகிறது, உருபு எங்கே தொடங்குகிறது என்று புதியவருக்குத் தெரியாது; நிரலெழுத்துருவில் இருக்கும் அயல்மொழிப் பெயருக்குப் பக்கத்தில் உருபு மட்டும் தனித்துத் தொங்குவதும் கண்ணை உறுத்தும். துருக்கியத்தில் சிறப்புப் பெயருக்கும் உருபுக்கும் இடையே ஒற்றை மேற்கோள்குறி இடும் வழக்கம் ஏற்கனவே இருப்பதால் அங்கே ஒரு வழி கிடைக்கிறது. அவ்வழக்கம் இல்லாத மொழிகளில் மிகப் பாதுகாப்பான வழி, பெயருக்குப் பின் ஒரு பொதுச்சொல்லைச் சேர்த்து உருபை அதில் ஏற்றுவது: இன்ன செயற்கூற்றை அழைக்கவும், இன்ன கோப்பில் எழுதவும் என்பதுபோல. வாக்கியம் சற்று நீளும். ஆனால் அந்தப் பெயர் என்ன வகைப் பொருள் என்பதும் கூடவே சொல்லப்பட்டுவிடுவதால், பல இடங்களில் மொழிபெயர்ப்பு மூலத்தைவிடத் தெளிவாக அமைகிறது.

அரபு, ஹீப்ரு, பாரசீகம் போன்ற வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளுக்கு வேறொரு சோதனை. உரை ஒரு திசையில் ஓட, அதற்குள் வரும் நிரல் எதிர்த்திசையில் ஓடுகிறது. யூனிகோடின் இருதிசை விதிமுறை பெரும்பாலும் சரியாகவே கையாண்டாலும், அடைப்புக்குறி, புள்ளி, கூட்டல்குறி போன்ற திசையற்ற குறிகள் சூழலைப் பொறுத்து இடம் மாறிவிடும். சி++ என்ற பெயரின் இரண்டு கூட்டல்குறிகள் எழுத்துக்கு முன்னால் போய் நிற்பது அங்கே எல்லோரும் அறிந்த காட்சி. எனவே ஒவ்வொரு நிரல்துண்டுக்கும் திசையைத் தனியே குறிக்கவேண்டும். ஒரே ஒரு வரியில் தவறினாலும், வாசகர் பார்த்துத் தட்டச்சிடும் நிரல் தவறாகிவிடும்.

தேடல் இன்னொரு மறைவான சிக்கல். ஆவணத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை யாரும் படிப்பதில்லை, தேடித்தான் வருகிறார்கள். தமிழில் கோப்பு என்று தேடுகிறவருக்கு, கோப்பில், கோப்பிலிருந்து, கோப்புகளுக்கு என்று எழுதப்பட்ட பக்கங்களும் கிடைத்தாக வேண்டும். அதற்கு உருபுகளைக் களைந்து அடிச்சொல்லைக் காணும் நிரல் தேவை. ஸ்னோபால் என்னும் திறந்தமூலத் தொகுப்பில் 2019இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து தமிழுக்கும் அத்தகைய நிரல் இருக்கிறது. சொற்களுக்கிடையே இடைவெளி விடாத சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் சொல்லைப் பிரித்தெடுக்கவே தனிக் கருவி வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பை முடித்துவிட்டுத் தேடலைக் கவனிக்காமல் விட்டால், பக்கம் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

பிழைச்செய்திகளில் என் நிலைப்பாடு சற்று வேறானது. நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் ஜிசிசி தொகுப்பி போன்றவை தம் பிழைச்செய்திகளைப் பல மொழிகளில் தருகின்றன. தொடக்கநிலை மாணவருக்கு அது நன்மையே. ஆனால் ஒரு பிழைச்செய்தி என்பது வாசிப்பதற்கு மட்டுமன்றித் தேடுவதற்கும் உரிய எழுத்துச்சரம். மொழிபெயர்க்கப்பட்ட செய்தியை அப்படியே தேடினால், ஆங்கிலத்தில் குவிந்துகிடக்கும் விடைகளில் ஒன்றும் அகப்படாது. அதனால் அனுபவமுள்ள நிரலாளர் பலர் கணினியின் மொழியமைப்பைக் குறிக்கும் சூழல் மாறியை மாற்றி, செய்தியை ஆங்கிலத்தில் மறுபடி வரவழைக்கிறார்கள். பிழை ஒவ்வொன்றுக்கும் மொழி சாராத எண் ஒன்றை இணைத்துவிட்டால் இரண்டு தேவையும் நிறைவேறும். சி ஷார்ப் தொகுப்பி இவ்வாறே செய்கிறது; ரஸ்ட் தொகுப்பியும் பல பிழைகளுக்கு இப்படி எண் தருகிறது. ஆவணத்தில் பிழைச்செய்தியை மேற்கோள் காட்டும்போதும் மூலத்தொடரை விட்டுவைத்து, அதன் கீழே பொருளை எழுதுவதே வாசகருக்குப் பயன்படும்.

எடுத்துக்காட்டு நிரல்களைப் பொறுத்தவரை பெரும்பாலான திட்டங்கள் ஒரே நடைமுறையை எட்டியிருக்கின்றன: நிரலுக்குள் மனிதருக்காக எழுதப்படும் குறிப்புரைகளை மொழிபெயர்க்கலாம், பெயர்களைத் தொடவேண்டாம், மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களைக் கவனமாகவே மாற்றவேண்டும். சரத்தை மாற்றினால் கீழே காட்டப்படும் வெளியீட்டையும் மாற்றவேண்டும் என்பது மறக்கப்படுகிறது. மாற்றிய நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் வெளியிடக்கூடாது.

எதிலிருந்து தொடங்குவது, யார் செய்வது

எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அதுவே பல திட்டங்களை வீழ்த்தியிருக்கிறது. பைத்தான் திட்டம் 2017 மார்ச்சில் எழுதப்பட்ட பெப் 545 என்னும் முன்மொழிவின் வழியே இதற்கு நல்ல வரையறையைத் தந்தது. ஒரு மொழி அதிகாரபூர்வ ஆவணத்தளத்தின் மொழித்தேர்வுப் பட்டியலில் இடம்பெற, பிழைகளைத் தெரிவிக்கும் பக்கம், அறிமுகப் பாடம் முழுவதும், உள்ளமைந்த செயற்கூறுகளின் பக்கம் ஆகிய மூன்றும் மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். பிழை தெரிவிக்கும் பக்கம் அந்த மூன்றில் ஒன்றாக இருப்பது ஆழ்ந்த யோசனையின் விளைவு. மொழிபெயர்ப்பில் தவறு கண்ட வாசகர் அதை எங்கே சொல்வது என்று அவர் மொழியிலேயே தெரியவேண்டும்.

அறிமுகப் பாடம் முதலில் வருவதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலம் குறைவாக அறிந்தவரே அதை அதிகம் நாடுகிறார்; அது மெதுவாகவே மாறுகிறது; தொடர்ந்த உரைநடையாக இருப்பதால் மொழிபெயர்ப்பின் பயன் அதில் மிகுதி. செயற்கூறுகளின் விவரப்பட்டியல் இதற்கு மாறானது. பதிப்புதோறும் மாறும், அளவில் மிகப் பெரியது, பெரும்பாலும் பெயர்களாலும் சிறு தொடர்களாலும் ஆனது, அதைத் தேடி வருகிறவர் ஏற்கனவே ஓரளவு தேறியவர். சிறு குழு ஒன்று விவரப்பட்டியலை மொழிபெயர்க்கத் தொடங்குவது பெரும்பாலும் தவறான முதலீடு.

எத்தனை பேர் தேவை என்பதற்குக் குபர்நெட்டிஸ் திட்டத்தின் விதி ஒரு நல்ல அளவுகோல்: புதிய மொழியைத் தொடங்கக் குறைந்தது இருவர் வேண்டும், ஏனெனில் ஒருவர் தன் மாற்றத்தைத் தானே ஒப்புதல் செய்ய முடியாது. மொழியும் நிரலாக்கமும் அறிந்த இரண்டாவது ஆள் கிடைப்பதே பல மொழிகளில் அரிது. மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று பலர் வருவார்கள். பிறர் செய்ததை வரிவரியாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று வருகிறவர் சிலரே. அப்படிப்பட்டவரை ஒரு திட்டம் தக்கவைத்துக்கொள்வது புதியவர் பத்துப் பேரைச் சேர்ப்பதைவிட மேலானது.

உரிமம் பற்றியும் முதலிலேயே தெளிவு வேண்டும். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு மொழிபெயர்க்கும் உரிமையை மூல ஆசிரியருக்கே அளிக்கிறது. ஆவணம் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதாலேயே அதை மொழிபெயர்த்து வெளியிடலாம் என்று ஆகாது. மாற்றத்தைத் தடைசெய்யும் உரிமத்தில் உள்ளவற்றின் மொழிபெயர்ப்பை வெளியிட முடியாது. பைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் தம் பங்களிப்பை, உரிமைகளை விட்டுக்கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் ஜீரோ முறையில் வழங்க ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதும், பிற்காலத்தில் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் திருத்திக்கொள்ளவே.

இயந்திரம் மாற்றியதும் மாற்றாததும்

உரையை எழுதவும் மொழிபெயர்க்கவும் வல்ல செயற்கை நுண்ணறிவான பெருமொழி மாதிரிகள் வந்தபிறகு முதல் வரைவுக்கு ஆகும் உழைப்பு பெரிதும் குறைந்துவிட்டது. பழைய இயந்திர மொழிபெயர்ப்பு நிரலின் திறவுச்சொற்களையே மொழிபெயர்த்துவிடும். இன்றையவை அத்தவறை அரிதாகவே செய்கின்றன. அவற்றின் தவறுகள் நுட்பமானவை. சரளமான வாக்கியத்தில் ஒரு 'இல்லை' விடுபட்டுப் போகிறது. நிபந்தனை ஒன்று காணாமல் போகிறது. ஒரே கருத்துக்கு முதல் பக்கத்தில் ஒரு சொல்லும் ஐந்தாம் பக்கத்தில் இன்னொரு சொல்லும் வருகின்றன. கரடுமுரடான மொழிபெயர்ப்பு வாசகரை எச்சரிக்கையாக வைத்திருந்தது. சரளம் அந்த எச்சரிக்கையைக் கலைத்துவிடுகிறது. இணையத்தில் குறைந்த உரையே உள்ள மொழிகளில் இத்தவறுகள் கூடுதல் என்பதால், மொழிபெயர்ப்பு மிகவும் தேவைப்படும் மொழிகளில்தான் இயந்திரத்தின் துணை மிகவும் தளர்ந்திருக்கிறது.

அதற்காக ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. சொற்கோவையை முன்வைத்து வரைவு எழுதச் செய்யலாம். ஐயத்திற்குரியது என்று குறியிடப்பட்ட பத்திகளில் மூலத்தின் எந்தப் பகுதி மாறியது என்று காட்டச் செய்யலாம். மனிதர் செய்த மொழிபெயர்ப்பில் விடுபட்டவற்றைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம். ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த இரண்டாவது ஆளின் இடத்தை மட்டும் அது நிரப்பாது. வரைவு மலிந்துவிட்டதால் ஒப்புநோக்கவேண்டிய பக்கங்களின் குவியல் உயர்ந்திருக்கிறது. ஒப்புநோக்குவோர் எண்ணிக்கை அதற்கேற்ப உயரவில்லை.

மூல ஆவணத்தை எழுதுகிறவர்களும் இதில் செய்யக்கூடியவை உண்டு. குவோவின் ஆய்வில் பங்கேற்றவர்கள் கேட்ட கொச்சைவழக்கற்ற எளிய ஆங்கிலத்தையே மொழிபெயர்ப்பாளர்களும் கேட்கிறார்கள். விளையாட்டிலிருந்தும் தொலைக்காட்சித் தொடரிலிருந்தும் எடுத்த உவமைகளை நீக்கினால் மொழிபெயர்ப்பு எளிதாவதோடு, ஆங்கிலத்திலேயே படிக்கும் பிறமொழியாளருக்கும் உதவியாகும். இன்னொன்று அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை: துண்டு முறையில், ஆங்கிலப் பத்தியில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் எல்லா மொழிகளிலும் அந்தப் பத்தி ஐயக்குறி பெற்று வெளியீட்டிலிருந்து விலகிவிடும். பொருள் மாறாத அத்தகைய திருத்தங்களைச் சேர்த்துவைத்து, வெளியீட்டுக்குப் போதிய காலத்துக்கு முன்பே ஒன்றாகச் செய்து முடித்து, பிறகு மூலத்தைச் சில வாரங்கள் அசையாமல் வைத்திருந்தால், அந்த இடைவெளியில் ஒவ்வொரு மொழிக்குழுவும் தன் பக்கங்களைப் புதிய பதிப்போடு இணைத்துக்கொள்ள முடியும்.